பாலாடையும் புட்டியும்

ஆண்டு மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபொழுது, இராசேந்திர சோழனின் கடற்படையைப் பற்றியே எழுதுவோம் என்று அவர் எதிர்பார்த்திருக்கக் கூடும். அதனை நம்மினும் மிகக் கற்ற பெருமக்கள் செவ்வையாக எழுதியிருக்கின்றனர். மெட்ரிக்குலேஷனோடு படிப்பை முடித்துக்கொண்டு, பயணிகள் வண்டி ஓடாத இத்தீவில் அமர்ந்து, சென்னையில் கப்பலை விட்டிறங்கி ஊர் போய்ச் சேர வேண்டியவர்களுக்கு ரயில் இடம் பதிந்து கொடுக்கும் எழுத்தராகிய நமக்குப் போரும் முடியும் எதற்கு? ஒரு கையில் அடங்கும் சிறு பாத்திரத்தின் வரலாறே போதும். அப்பாத்திரம் பாலாடை.

அறியாத இளையோர் பொருட்டுச் சொல்லுகின்றோம். வெள்ளியிலோ வெண்கலத்திலோ, பிற்காலத்தில் எவர்சில்வரிலோ செய்யப்பட்டு, ஒரு பக்கம் மூக்குப்போல் நீண்டு குறுகும் சிறு கிண்ணமே பாலாடை. தென்மாவட்டத்தார் இதனைச் சங்கு என்றும் சங்கடை என்றும் வழங்குவர். மடியில் கிடத்திய குழந்தையின் கடைவாயில் அதன் மூக்கை வைத்து மெல்லச் சாய்த்தால் பால் சிறிது சிறிதாக இறங்கும். சாத்தத்தில் நம்மவர் வீடுகள் சிலவற்றில் ஊரிலிருந்து வந்த பாட்டியின் பாலாடை இன்றும் பரண்மீது இருக்கின்றது.

இப்பாத்திரம் ஓர் உண்மைக்குச் சான்று. முற்காலத்தில் எல்லாக் குழந்தைகளும் தாய்ப்பால் ஒன்றையே உண்டு வளர்ந்தன, புட்டி வந்து கெடுத்தது என்று மேடைகளில் சொல்லக் கேட்கின்றோம். அது முழு உண்மையாயின் பாலாடைக்கு நம் வீடுகளில் வேலை ஏது? பிள்ளைப்பேற்றில் தாய் இறந்த வீடு உண்டு. காய்ச்சலில் கிடந்த தாய் உண்டு. நாற்று நடப்போய் அந்தியில் திரும்பிய தாய் உண்டு. அங்கெல்லாம் பசுவின் பாலும் ஆட்டுப்பாலும் பாலாடையில் ஏறின. அடுத்த வீட்டுத் தாய் ஒருத்தி தன் பிள்ளையோடு அப்பிள்ளைக்கும் ஊட்டியதும் உண்டு. ஐவகைத் தாயர் என்று பழந்தமிழ் மரபு பேசுவது செல்வர் மனைகளைக் குறித்ததே எனினும், ஒரு மகவை வளர்க்க ஒருத்தி போதாள் என்பதை நம் முன்னோர் அறிந்திருந்தனர் என்பது அதனால் விளங்கும்.

மற்றொரு பக்கத்தையும் மறைத்தல் ஆகாது. ஈன்றவுடன் சுரக்கும் சீம்பாலைத் தீட்டு என்றும் செரியாது என்றும் பீய்ச்சி எறியும் வழக்கம் நம் நாட்டில் பல இடங்களில் இருந்தது. அதற்கு மாறாகச் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ, சிற்சில ஊர்களில் கழுதைப்பாலோ, குடும்பத்தில் நற்பெயரெடுத்த ஒருவர் கையால் நாவில் தொட்டு வைப்பதே சேனை வைத்தல். தொட்டு வைப்பவரின் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. நோயெதிர்க்கும் பொருள்கள் மிகுந்து கிடப்பது அந்தச் சீம்பாலில்தான் என்று மருத்துவ நூலார் இன்று தெளிந்திருக்கின்றனர். பதினெட்டு வயதுப் பெண் அன்று அதனை எறிந்தது தன் விருப்பத்தாலா? மாமியார் சொன்னார், மருத்துவச்சி சொன்னார், எறிந்தாள். தாயின் மார்புக்கும் சேயின் வாய்க்கும் நடுவே நின்று பிறர் ஆணையிடும் வழக்கம் அயல்நாட்டுக் கம்பெனிகளுக்கு முந்தியது என்பதை நாம் மனத்தில் இருத்த வேண்டும்.

நம் மொழியிலும் அது படிந்திருக்கின்றது. புறநானூற்றின் 278-ஆம் பாட்டில், மகன் போரில் புறங்காட்டினான் என்று கேட்ட முதிய தாய், அஃது உண்மையாயின் அவன் உண்ட மார்பை அறுப்பேன் என்று சூளுரைத்து வாளோடு களம் புகுகின்றாள். இன்றும் நாடகத்திலும் திரைப்படத்திலும் வீரர்கள், தாய்ப்பால் குடித்தவனாயின் எதிரே வா என்று அறைகூவுகின்றனர். குடும்பத்து மானத்தையும் குலத்து வீரத்தையும் ஒருத்தியின் பாலில் ஏற்றி வைத்துவிட்டோம். பால் சுரக்கத் தாமதமான பெண் அச்சுமையையும் சேர்த்தே சுமக்கின்றாள்.

இனிப் புட்டியின் கதை. 1860-களில் ஜெர்மானிய இரசாயன அறிஞர் லீபிக் என்பார் கோதுமை மாவு, முளைதானிய மாவு, பசும்பால் முதலியவற்றைக் கூட்டிக் குழந்தை உணவு ஒன்றை வகுத்தார். 1867-இல் சுவிட்சர்லாந்தின் வெவே நகரில் ஹென்றி நெஸ்லே பாலும் மாவும் சர்க்கரையும் சேர்ந்த உணவை விற்கத் தொடங்கினார். நியூசிலாந்தில் பாலை உலர்த்திப் பொடியாக்கிய நாதன் குடும்பத்தார் 1906-இல் கிளாக்ஸோ என்னும் பெயரைப் பதிவு செய்தனர். 1924-இல் அப்பொடியை இந்தியாவில் விற்கப் பம்பாயில் ஒரு கம்பெனி நிறுவப்பட்டது. பிறகு நம் தமிழ்ப் பத்திரிகைகளிலும் குழந்தை உணவு விளம்பரங்கள் வரலாயின. கன்னம் உப்பிய குழந்தை ஒன்று பக்கத்தில் அமர்ந்து, உன் பிள்ளை ஏன் இப்படி இல்லை என்று ஒவ்வொரு தாயையும் கேளாமற் கேட்டது. நம் பேச்சு வழக்கில் 'கிளாக்ஸோ பேபி' என்னும் சொல் ஏறிய கதை இதுவே.

விளம்பரத்துக்குத் துணையாகக் கடிகாரமும் வந்து சேர்ந்தது. நியூசிலாந்து மருத்துவர் துரூபி கிங் என்பவர் 1907-இல் தாய்சேய் நலச் சங்கம் ஒன்றைக் கண்டவர், தாய்ப்பாலையே போற்றியவர். ஆயினும் நான்கு மணிக்கு ஒரு முறைதான் ஊட்ட வேண்டும், இரவில் கூடாது, அழுதாலும் எடுக்கலாகாது என்று விதித்தார். அவ்விதி ஆங்கிலம் வழங்கும் நாடுகளெங்கும் பரவிற்று. வண்டிக்குக் கால அட்டவணை வகுப்பது எளிது. அதற்குப் பசி கிடையாது. ஆயினும் அது நேரத்துக்கு வருவதில்லை என்பதை நம் இலாகாவில் பணிபுரிவோர் அறிவர். பசிக்கும் குழந்தைக்கு அட்டவணை வகுத்தால் நேர்வது யாதெனில், பால் குறைகின்றது. குழந்தை உறிஞ்ச உறிஞ்சவே பால் ஊறும். உறிஞ்சுவது குறைந்தால் ஊறுவதும் குறையும். குறைந்தவுடன் பால் போதவில்லை என்ற அச்சம். அச்சம் போக்க ஒரு புட்டி. புட்டியால் வயிறு நிறைந்த பிள்ளை மார்பை நாடுவது மேலும் குறைவு. ஆகவே இன்னொரு புட்டி. பத்து நாளில் பால் வற்றிவிடும். "எனக்குப் பால் இல்லை" என்று அப்பெண் ஆயுள் முழுதும் தன்னையே குறை கூறிக்கொள்வாள். விதித்தவர் பெயரை ஒருவரும் கூறார்.

இதனை முதன்முதல் உரத்துக் கூறியவர்களுள் ஒருவர் ஒரு பெண்மணி. கூறிய இடம் நமக்குக் கிழக்கே கடலுக்கு அப்பால் உள்ள சிங்கப்பூர். ஜமைக்காவில் பிறந்த மருத்துவர் சிசிலி வில்லியம்ஸ், ஆப்பிரிக்கப் பொற்கரை நாட்டில் பணியாற்றிய பின் 1936-இல் மலாயாவுக்கு வந்தார். இரப்பர்த் தோட்டங்களில் நம்மவர் இலட்சக்கணக்கில் உழைத்த மலாயா அது. அங்கே சர்க்கரை சேர்த்துக் காய்ச்சிய டின்பால், சிசுக்களுக்கு உகந்தது என்று விற்கப்பட்டது. செவிலியர் உடை தரித்த பெண்கள் தாய்மாரிடம் சென்று அதனைப் புகழ்ந்தனர். தாய்ப்பால் உண்டு செழித்திருந்த குழந்தைகளும் டின்பாலுக்கு மாறி மெலிந்து மாண்டன. 1939-இல் சிங்கப்பூர் ரோட்டரி சங்கத்தில் பேசிய அவர் தம் உரைக்கு இட்ட தலைப்பே 'பாலும் கொலையும்' என்பது. தவறான விளம்பரத்தால் நேரும் சிசு மரணத்தைக் கொலையாகவே எண்ண வேண்டும் என்று வணிகர்கள் அமர்ந்திருந்த அவையிலேயே கூறினார். என்ன துணிவு!

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பானியர் வசமாயிற்று. மார்ச்சில் நம் அந்தமானும் அவ்வாறே ஆயிற்று. இங்கே மூன்றரை ஆண்டுகள் நம் தீவினர் கண்ட பசியையும் கொடுமையையும் முதியோர் சொல்லக் கேட்டவர்கள் நம்மிடையே உளர். அங்கே வில்லியம்ஸ் அம்மையார் சாங்கிச் சிறையில் அடைபட்டார். சிறைவாசத்தில் பிறந்த இருபது குழந்தைகளும் தாய்ப்பால் உண்டன, இருபதும் பிழைத்தன என்று அவர் பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார். அரைவயிற்றுக் கஞ்சி குடித்த கைதிப் பெண்களிடமும் பால் இருந்தது. டின்பால் விற்க அங்கே எவரும் வரவில்லை. உடன் சிறையிருந்த பெண்களின் துணை இருந்தது.

நாடு விடுதலை பெற்ற பின்னர்ச் செய்தி சற்றே மாறிற்று. குழந்தை உணவு அயல்நாட்டிலிருந்து வந்தது. அந்நியச் செலாவணியோ அரிது. எருமைப் பாலைப் பொடியாக்க இயலாது என்று மேனாட்டு வல்லுநர் கூறிவந்ததைப் பொய்யாக்கி, குஜராத்தின் ஆனந்த் நகரில் எச். எம். தலயா வழி கண்டார். அங்கு எழுந்த தொழிற்சாலையை 1955-இல் பிரதமர் நேரு திறந்து வைத்தார். எருமைப்பாலில் குழந்தை உணவு செய்யும் முறையை மைசூரில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தார் வகுத்தளிக்க, ஆனந்தில் அது உற்பத்தியாயிற்று. 'கிளாக்ஸோ பேபி' அருகே 'அமுல் பேபி' வந்து அமர்ந்தது. சுதேசி வெற்றி என்று பெருமைப்படத் தக்கதே. தாயற்ற பிள்ளைகள் பல அதனால் பிழைத்திருக்கும். ஆயினும் டப்பா வாங்குவது நாகரிகத்தின் அடையாளமாயிற்று. காலியான டப்பாக்களில் துவரம்பருப்பும் மிளகாய்த்தூளும் கொட்டி, பெயர் வெளியே தெரியும்படி அலமாரியில் அடுக்கி வைத்த அடுக்களைகளை நாம் சிறுவயதில் பார்த்திருக்கின்றோம்.

நம் சாத்தத்தின் நிலையைச் சிறிது எண்ணிப் பாருங்கள். 1883-இல் மர அறுவை ஆலை எழுந்த இச்சிறு தீவுக்கும், பாலத்தைக் கடந்தால் உள்ள ஹாடோ முதலிய பகுதிகளுக்கும் தமிழர் பிழைப்புத் தேடி வந்தனர். வந்த பின்னர் ஊரில் பெண் எடுத்து அழைத்து வந்தனர். சென்னையிலிருந்து மூன்று நாள் கப்பல். தலைப்பிள்ளைக்குத் தாய்வீடு போகும் வழக்கம் கடல் நடுவே குறுக்கிட்டதால் பலருக்குக் கைகூடவில்லை. பிறந்த வீட்டில் பெற்றவள் அருகிருந்து பூண்டும் பத்தியக் குழம்பும் கொடுத்து, இப்படிப் பிடி, அப்படி அணை என்று கற்பிக்க வேண்டிய காலத்தில், இங்கே ஓரறைக் குடியிருப்பில் தனியே பெற்ற பெண்களுக்குத் துணை அடுத்த வீட்டு அக்காமாரே. அவர்களுள் தெலுங்கர் உண்டு, வங்காளியர் உண்டு, இராஞ்சியிலிருந்து வந்தோர் உண்டு.

அவ்வக்காமார் இல்லாத வீட்டில் பொடி டப்பா நுழைந்தது. கோடையில் குழாய்த் தண்ணீர் நாள் விட்டு நாள் வரும் ஊர் இது. பொடியைக் கரைக்கக் கொதித்தாறிய நீர் வேண்டும். புட்டியையும் இரப்பரையும் ஒவ்வொரு முறையும் கொதிக்க வைக்க வேண்டும். மண்ணெண்ணெய் அடுப்பில் நாளைக்கு ஏழெட்டு முறை அது நடக்குமா? மாதக் கடைசியில் டப்பா காலியாகும்போது அளவுக் கரண்டி ஒன்று குறையும், தண்ணீர் கூடும். பிள்ளையின் வயிறு நிறையும், உடல் நிறையாது. வறுமையில் டின்பால் கேடு செய்யும் வழி இதுவே. பொடியில் நஞ்சில்லை, அது நாடும் நீரும் எரிபொருளும் காசும் வீட்டில் இருப்பதில்லை.

இதனை ஒரு பெண்ணின் மனத்தைப் பொறுத்த செய்தியாகவே பேசுவோர், அவளுடைய உழைப்பைக் கணக்கில் எடுப்பதில்லை. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் 'பிள்ளைக் காம்பரா' என்று ஒன்று உண்டு. கொழுந்து கிள்ளப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை அங்கே ஆயாவிடம் விட்டுச் செல்வர். இடையில் வந்து பாலூட்டித் திரும்புவர். 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி உடன்படிக்கைக்குப் பின் தாயகம் திரும்பிய அம்மக்களில் ஒரு பகுதியினர் நம் கச்சால் தீவின் இரப்பர்த் தோட்டத்துக்கு வந்தவர்கள் ஆதலின், அச்சொல் நமக்கும் அயலன்று. தோட்டத் துரைமார் அன்பு மேலிட்டு அதனைக் கட்டினர் என்று நாம் கருதவில்லை. கூலியாள் நிரைக்கு வர வேண்டுமே! ஆயினும் பால் கொடுக்கும் பெண்ணுக்கு இடமும் நேரமும் வேண்டும் என்னும் எளிய உண்மை அக்கூரையின் கீழ் இருந்தது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்றது; 1961-இல் மகப்பேற்று உதவிச் சட்டம் வந்தது. சட்டத்தின் கை எட்டாத கட்டடக் கூலியும் வீட்டு வேலைக்காரியும் அன்றும் வெளியே நின்றனர், இன்றும் நிற்கின்றனர்.

1974-இல் இலண்டன் அறநிறுவனம் ஒன்று, ஏழை நாடுகளில் பால்பொடி விற்கும் முறையைக் கண்டித்து ஒரு சிறு நூல் வெளியிட்டது. 1977-இல் அமெரிக்காவில் நெஸ்லே பொருள்களைப் புறக்கணிக்கும் இயக்கம் பிறந்தது. 1981 மே 21 அன்று ஜெனீவாவில் உலக சுகாதாரப் பேரவை, தாய்ப்பாலுக்கு மாற்றாகும் உணவுகளை விற்பதற்கு விதிகள் வகுத்தது. ஆதரவு 118, எதிர்ப்பு ஒன்று. அந்த ஒன்று அமெரிக்கா. இந்தியா 1992-இல் இயற்றிய சட்டம் 1993 ஆகஸ்ட் முதல் நடைமுறைக்கு வந்தது. 2003-இல் மேலும் இறுக்கப்பட்டது. சிசுவுக்குரிய பொடிக்கும் புட்டிக்கும் விளம்பரம் கூடாது. இலவச மாதிரி கூடாது. டப்பாவில் குழந்தைப் படமோ தாயின் படமோ கூடாது. ஐயமுள்ளவர் கடையில் டப்பாவைத் திருப்பிப் பார்க்கலாம். கன்னம் உப்பிய அந்தப் பிள்ளை அங்கே இராது. இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் 2006-இல் பூகம்பம் நேர்ந்தபின், நன்கொடையாக வந்த பால்பொடியை உண்ட குழந்தைகளிடையே பேதி ஏறத்தாழ இருமடங்கு கண்டது என்று ஆய்ந்தவர்கள் கூறினர். 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை கண்ட நம் தீவினர் இதனை மறவாதிருத்தல் நன்று. நிவாரண மூட்டையில் எது வருகின்றது என்று பார்க்க வேண்டும்.

இவ்வளவும் தாய்ப்பாலின் வெற்றியே. நாமும் அதன் பக்கமே. ஆனால் ஒன்றை நாம் கண்டுவருகின்றோம். பழைய அதிகாரம் புதிய உடையணிந்து வந்திருக்கின்றது. அன்று மாமியார், பின்னர் விளம்பரம், இன்று எல்லோரும்! நம் குடியிருப்பு வரிசையில் ஓர் இளம் தாய் இருந்தாள். அறுவை செய்து பிள்ளை எடுத்தனர். குழந்தை எடை குறைவு. சில வாரம் பொடிப்பாலும் சேர்த்துக் கொடுக்குமாறு மருத்துவரே எழுதிக் கொடுத்தார். டப்பாவைச் செய்தித்தாளில் சுற்றி மறைத்துக் கொண்டு வந்தார் அவள் கணவர், சாராயப் புட்டியை மறைப்பது போல! குழந்தையைப் பார்க்க வந்த உறவினர் ஒவ்வொருவரும், "தாய்ப்பால்தானே கொடுக்கிறாய்?" என்று கேட்டனர். ஊரிலிருந்து கைபேசியிலும் அதே கேள்வி. எவரும், "இரவில் தூங்கினாயா அம்மா?" என்று கேட்கவில்லை. அதே பெண் ஆறு வாரம் கழித்துப் பால் நன்கு ஊறிய பிறகு, பாம்பூபிளாட் போகும் படகில் அழுத பிள்ளையை முந்தானைக்குள் அணைத்தபோது, அதே வகை மனிதர் முகத்தைச் சுளித்தனர். கொடாவிட்டாலும் குற்றம், கொடுத்தாலும் குற்றம்.

கணக்கு ஒன்று காட்டுவோம். கணக்கு எழுத்தர்க்கு இயல்பு. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் நூற்றுக்கு 88.6 பிரசவங்கள் மருத்துவ நிலையங்களில் நிகழ்ந்தன. பிறந்த ஒரு மணிக்குள் தாய்ப்பால் பெற்ற குழந்தைகளோ நூற்றுக்கு 41.8 மட்டுமே. தமிழ்நாட்டில் அறுவைப் பிரசவம் நூற்றுக்கு 44.9. ஆகவே, பெரும்பாலான தாய்மார் அம்முதல் மணி நேரத்தில் இருந்தது மருத்துவர், தாதியர் கையில். தங்கள் கையில் அன்று. தாதி ஒருத்தி அரைமணி அருகிருந்து பிள்ளையை மார்பில் அணைத்து வைத்தால் சாதிக்கக் கூடியதைச் சுவரொட்டி சாதிக்காது. அரசுப் பணியிலுள்ள பெண்ணுக்கு 2008 முதல் 180 நாள் விடுப்பு உண்டு. பிற நிலையங்களில் முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வாரம் என்று 2017-இல் சட்டம் திருத்தப்பட்டது. சந்தையில் மீன் விற்பவளுக்கு எத்தனை நாள்? ஆறு மாதம் தாய்ப்பால் மட்டுமே என்னும் அறிவுரை மட்டும் இருவருக்கும் ஒன்று.

செய்தவர்களையும் சொல்ல வேண்டும். பம்பாய் சயான் மருத்துவமனையில் 1989-இல் டாக்டர் அர்மிடா பெர்னாண்டஸ் ஆசியாவின் முதல் தாய்ப்பால் வங்கியை நிறுவினார். தமிழக அரசு மருத்துவமனைகளிலும் 2014 முதல் அத்தகைய வங்கிகள் எழுந்தன. 2015 ஆகஸ்டில் தமிழகத்துப் பேருந்து நிலையங்கள் முந்நூற்றுக்கு மேற்பட்டவற்றில் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. நம் ரயில்வே 2016-இல் நிலையங்களில் குழந்தைகளுக்குச் சூடான பாலும் வெந்நீரும் கிடைக்கச் செய்தது. பல நிலையங்களில் பாலூட்டும் சிற்றறைகளும் இருக்கின்றன. குறைமாதத்தில் பிறந்து உறிஞ்ச வலியற்ற சிசுக்களுக்குப் புட்டி வேண்டாம், கறந்த தாய்ப்பாலைப் பாலாடையால் கொடுங்கள் என்று மருத்துவர் கூறுகின்றனர். உலக நாடுகளின் மருத்துவ ஏடுகளில் 'பாலாடை' என்னும் நம் சொல் அப்படியே எழுதப்படுகின்றது. நம் பாட்டியின் பாத்திரம் பரணிலிருந்து இறங்கி அவ்வளவு தூரம் போயிருக்கின்றது.

இனி நம் சங்கத்துக்கு வருவோம். ஆண்டு விழாவில் கோலப் போட்டி, திருக்குறள் ஒப்புவித்தல் இவற்றோடு 'கொழுகொழு குழந்தைப் போட்டி' என்று ஒன்றும் சில ஆண்டுகளாக நடைபெறுகின்றது. பிள்ளைகளை மேடையில் வரிசையாக அமர்த்தி எடைக்கும் கன்னத்துக்கும் பரிசளிக்கின்றோம். பரிசு பெறாத தாய் இறங்கிச் செல்லும்போது அவள் முகத்தைச் செயற்குழுவினர் பார்த்ததுண்டா? சென்ற ஆண்டு அவ்வாறு இறங்கிய ஒருத்தியிடம், "என்ன கொடுக்கிறாய்? டப்பாப் பாலா?" என்று முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் கேட்டது நம் காதில் விழுந்தது. அப்போட்டியை இவ்வாண்டோடு நிறுத்துமாறு கேட்டுக்கொள்கின்றோம். அதற்கு ஒதுக்கிய பணத்தில், மண்டபத்தின் பின்புறம் நாற்காலிகள் அடுக்கி வைக்கும் சிற்றறையைக் காலி செய்து, மின்விசிறி ஒன்றும், கதவுக்குத் தாழும், சாய்ந்து அமரத்தக்க இரண்டு நாற்காலிகளும், ஒரு குடம் நல்ல தண்ணீரும், ஒரு கெட்டில் வெந்நீரும் வைக்கலாம். உள்ளே செல்லும் தாய் எதைக் கொடுக்கின்றாள் என்று கதவருகே நின்று எவரும் கேட்க வேண்டுவதில்லை. தாழ் வாங்கிப் பொருத்தும் செலவை நாம் ஏற்றுக்கொள்கின்றோம்.